அந்தச் சட்டி காலியாகவே திரும்பட்டும்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் உன் கையில் கொடுத்திருப்பார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து சத்தம் போட்டுப் படிக்காதே. உதட்டை அசைக்காமல் உனக்குப் படிக்கவே வராது, உன்னை மடியில் வைத்துக்கொண்டு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் எனக்குத் தெரியாதா? இன்றைக்கு மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு படி. "அம்மா இன்னாடா எழுதிக்கிறா?" என்று கேட்பார். புளி உலுக்கியாகிவிட்டது, கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் உண்மைதான், அதைச் சொல். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடு. வெறும் வயிற்றோடு மலை இறங்கி, ஆலங்காயத்தில் பஸ் மாறி வந்திருப்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நீ இதைப் படித்து முடிக்க முடியாது, ஆனாலும் ஆரம்பி.

தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராது. வேறு ஆள் யாரும் உன் பக்கம் வரவில்லை. அதனால்தான் அவருக்குத் தெரியவே கூடாத விஷயத்தை அவர் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனுக்கு இப்படிச் செய்வது அநியாயம் என்று எனக்கே தெரிகிறது. பால்வாடியில் குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகின்றன, அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் அவர் நாளைப் பயணத்துக்கு வேட்டி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. என் மருமகள் மல்லிகாவுக்கு அடிவயிற்றில் வலி, போட்டோ பிடித்துப் பார்த்ததில் சினைப்பையில் கட்டி, நீர்க்கட்டியாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். "பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். லேப்ராஸ்கோப்பி என்று புதிதாக வந்திருக்கிறது. தொப்புளுக்குக் கீழே சின்ன ஓட்டை போட்டுக் குழாய் விட்டு எடுத்துவிடுவார்களாம். தையல்கூட ஒன்றிரண்டுதான்" என்று எழுதியிருந்தாய். எப்போதும்போல நான் அதை உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த 'நீர்க்கட்டி' என்ற எழுத்தைப் பார்த்த பிறகும் என் வாய் தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனது. நான் கடிதத்தை மடிப்பதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சந்தைக்குப் போய்ட்டு வர்றேன், புதுச் சட்டி ஒண்ணு வாங்கணும்" என்றார். இன்றைக்கு அந்தச் சட்டி அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நீ இதைப் படிக்கும் நேரம் உன் எதிரில் அவர் மடியில் இருக்கும்.

அது எதற்கு என்று உனக்குத் தெரியும். மல்லிகாவும் மலைக்காரப் பெண்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் வகையறாவில் உடம்பிலிருந்து எது பிரிந்தாலும் அந்நிய மண்ணில் விடக்கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி எல்லாம் நம் நிலத்தில்தான் போய்ச் சேரவேண்டும். உன் சித்தப்பாவுக்கு மரம் அறுக்கும்போது விரல் போனது நினைவிருக்கிறதா? கையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்க, மற்றவர்கள் விரலைத்தான் முதலில் தேடினார்கள். உப்பும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் வைத்து, அவரவர் கொடி புதைத்த இடத்திலேயே புதைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த உடம்புக்கு நிம்மதி இல்லை, அலைந்துகொண்டே இருக்கும் என்பார்கள். நான் எட்டாவது படித்தவள், டீச்சர் என்று பெயர் வாங்கியவள், ஆனாலும் இதைத் தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நாமெல்லாம் ஒரே மண்ணில் ஒன்றாகக் கிடப்போம் என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

இப்போது உன் அக்காவைப் பற்றி எழுதவேண்டும். பாப்பா போனபோது நீ திருப்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தாய். காரியத்துக்கு வந்து நின்ற உன்னிடம் 'வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொன்னோம். ஊரில் சாமி குத்தம் என்றார்கள், அதுவும் உன் காதில் விழுந்திருக்கும். நீ எதையும் கேட்கவில்லை. நீ கேட்காதது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா?

அவளுக்கும் இதே இடத்தில்தான் வலி வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை, விலக்கான நாட்களில் ஊர்க்கோடிக் குடிசையில் சுருண்டு கிடப்பாள். அந்தக் குடிசையில் நடப்பது ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது, பெண்பிள்ளைகளும் வெளியே வந்து பேசமாட்டோம். ஆகவே அந்த வலி எத்தனை மாதமாக இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவள் புகுந்த ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம். ஒருநாள் புளி மூட்டையைத் தூக்கும்போது கீழே விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு உள்ளே ஏதோ நகர்ந்தது.

அடிவாரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ஊர் பேர் வேண்டாம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் குழாய் விட்டு ஆபரேஷன் செய்து பழகியவர். பால்வாடி டீச்சர் என்பதால் முகாமுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவது என் தலையில்தான் விழும். காலையில் போகிறவள் சாயங்காலம் முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு நடந்து வருவாள். கத்திக்குப் பயந்து ஓடியவர்கள்கூட அந்தக் குழாய் வந்த பிறகு தைரியமாக வந்தார்கள். அந்த டாக்டர் பிறகு சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு நீர்க்கட்டியையும் அந்தக் குழாயாலேயே எடுக்க ஆரம்பித்தார். எங்களுக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். பாப்பாவும் கேட்டது ஒன்றுதான். "சாமை அறுப்புக்குள்ள எழுந்திருச்சிடுவேனாங்க?" என்றாள். "ஒரு வாரத்துல ஓடுவே" என்றார்.

ஓட்டைகள் மூன்று. ஆபரேஷன் முடிந்து அவரே வெளியே வந்தார். கையில் தட்டு. கட்டிக்குள் இருந்த நீரை உள்ளேயே ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துவிட்டு, காற்று போன பலூன்போல ஆகிவிட்ட தோலைச் சின்ன ஓட்டை வழியாக இழுத்து எடுத்திருந்தார். வெளுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். "ஒண்ணும் இல்லீங்க, சாதா நீர்க்கட்டி. இருந்தாலும் வேலூருக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, அத்த எங்கயும் அனுப்பாதீங்க. அது எங்க புள்ளையோடதுங்க. எங்க மண்ணுக்குப் போவணும்."

"அது குப்பைங்க பெரியவரே. கிருமிங்க."

"கிருமியா இருந்தாலும் எங்க கிருமிங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "டெஸ்ட் பண்றது நல்லதுதான், ஆனா இது பார்த்தாலே தெரியுது, சாதாதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "குடுத்துடுமா" என்றார் நர்ஸிடம். உன் அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். டாக்டரிடமே பேசி ஜெயித்துவிட்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

டோலியில் பாப்பா, அவளுக்கு முன்னால் தலையில் சட்டியோடு உன் அப்பா, கடைசியில் நான். அப்படித்தான் மலை ஏறினோம். கடுக்காய் மரத்தடியில், அவள் கொடி புதைத்த இடத்தில், அவரே குழி வெட்டினார். பாறை மண். வேறு யாரையும் கடப்பாறை தொடவிடவில்லை. மூடிவிட்டு, "ஆச்சிம்மே டீச்சரு, இனிமே எம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். சந்தோஷமாக இருந்தால் மட்டும்தான் என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடுவார்.

அந்த வருஷச் சாமையை அவள்தான் முன்னால் நின்று அறுத்தாள். முகத்தில் களை வந்துவிட்டது. தழும்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும், பனியன் பொத்தான் அளவுதான் இருந்தது. நம் ஊரில் நோயைத் தழும்பை வைத்து அளப்பார்கள். அறுத்த இடம் இவ்வளவு சின்னது, ஆகவே வந்ததும் சின்ன நோய்தான். ஊரே அப்படித்தான் நினைத்தது, நானும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதித்தான் ஆகவேண்டும். சில மாதங்களில் அவள் வயிறு எழுந்தது. விலக்கும் நின்றிருந்தது. ஊர் முழுக்க ஒரே சந்தோஷம். கட்டியை எடுத்ததால்தான் கரு தங்கியது என்றார்கள். அவள் மாமியார் தேனும் வெல்லமும் எடுத்துக்கொண்டு ஓடை தாண்டி வந்து, கண்ணாடி வளையல் போட்டுவிட்டுப் போனாள். பாப்பா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அசையவே மாட்டேங்குதும்மா, சோம்பேறி, உங்க புள்ளையாட்டம்" என்று உன்னைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வயிறு பெருக்கப் பெருக்கக் கைகள் மெலிந்தன. ஒருநாள் கிணற்றடியில் அவள் கையைக் கீழே தொங்கவிட்டபோது அந்த வளையல்கள் தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்தன. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒடுகத்தூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து பஸ் பிடித்து வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும், என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பாப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

"மொதல்ல எடுத்தாங்களே ஒரு கட்டி, அதை எங்கம்மா டெஸ்ட் பண்ணீங்க?"

"பண்ணலீங்க."

"ஏன், அவங்க அனுப்பலையா?"

"நாங்கதான் வாங்கிட்டுப் போய் பொதைச்சிட்டோங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். நிறையப் பேருக்கு இந்தக் கட்டியில் ஒன்றும் இருக்காது, யாருக்கு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால்தான் தெரியும் என்றார். அன்றைக்கே தெரிந்திருந்தால் உடனே வயிற்றைத் திறந்து மிச்சத்தையும் எடுத்து மருந்து கொடுத்திருப்பார்களாம். உள்ளேயே குத்தி உறிஞ்சியபோது கொஞ்சம் சிந்திப் பரவியிருக்கலாம், அதற்கு முன்பே பரவியிருந்ததோ என்னவோ, அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். "பிழைச்சிருப்பாளாங்க?" என்று கேட்டேன். "வழி இருந்திருக்கும்மா" என்றார்.

புற்று என்ற அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் என் பிள்ளைக்கு என்று முதல்முறை கேட்டேன். திரும்பிப் பார்த்தால் பாப்பா கண்ணைத் திறந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா போன பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று குனிந்தேன். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா. அது குழி வெட்டன கையி. தாங்காது" என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண் தன் சாவைக் கேட்ட அந்த நேரத்தில் பேசியது அதைத்தான்.

வெளியே வந்தேன். உன் அப்பா வராந்தாவில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், பாப்பா கேட்டாள் என்று வாங்கியது. "இன்னா சொன்னாங்க?" என்றார். "இது வேற கட்டியாம், புதுசாம்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நாம அன்னிக்கி எடுத்தது நல்லபடியா பூட்ச்சி. அதால ஒண்ணும் இல்ல" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் அவர் இன்றுவரை உயிரோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கடுக்காய் மரத்தடியில் விளக்கு வைக்கிறாரே, நீ பார்த்திருக்கிறாய், பாப்பாவுக்கு வைக்கிறார் என்று நினைத்திருப்பாய். அவளுக்கு மட்டும் இல்லை. தான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியத்துக்கும் சேர்த்து வைக்கிறார். மகளுக்காகத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நம்புகிறார். அவர் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பும்போது நான் அடுப்பில் எதையாவது கிளறிக்கொண்டிருப்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க.

பாப்பாவின் புருஷன் அடுத்த வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டான், அது அவன் இஷ்டம். அந்த டாக்டரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒருமுறை போய்க் கேட்கலாம் என்று கிளம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். 'நீங்கள்தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள்' என்பார். உண்மைதான். ஆனால் டெஸ்ட் செய்வது நல்லது என்று தெரிந்தவர் அவர், தெரியாதவர்கள் நாங்கள். சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. மலைக்காரர்கள்தானே, இவர்களோடு எதற்கு வாதாடவேண்டும் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அவர் எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

இப்போது மல்லிகாவுக்கு வருகிறேன். குழாய் வேண்டாம், வயிற்றைக் கிழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எனக்குப் படிப்பு இல்லை. ஓட்டை சின்னதாக இருப்பதில் தப்பு இல்லை என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் சின்ன ஓட்டை என்பதால் சின்ன நோய் என்று நீ நினைத்துவிடாதே, உன் கடிதத்தில் அந்த நினைப்புதான் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் டாக்டரைப் போய்ப் பார். கூச்சப்படாதே. மண்டியில் புளிக்கும் கடுக்காய்க்கும் வியாபாரிகளோடு கத்திக் கத்திப் பேசுகிறாயே, அதில் பாதி வாய் போதும். கட்டியை உள்ளேயே குத்தாமல் முழுசாக எடுக்க முடியுமா என்று கேள். பார்க்கவே சந்தேகமாக இருந்தால் பெரிதாகத் திறக்கத் தயாராக இருக்கிறாரா என்று கேள். எடுத்ததை எந்த ஊருக்கு டெஸ்டுக்கு அனுப்புகிறார், பதில் எப்போது வரும் என்று கேட்டுக்கொள். அந்தப் பதில் வரும்வரை அவளுக்குக் குணமாகிவிட்டது என்று யாரிடமும் சொல்லாதே, உனக்கு நீயேகூடச் சொல்லிக்கொள்ளாதே.

மல்லிகாவிடமும் சொல். எதையும் மறைக்காதே, அவள் சின்னக் குழந்தை இல்லை. ஒருவேளை கெட்ட பதிலாக வந்து, எல்லாவற்றையும் எடுக்கவேண்டும், இனிக் குழந்தை இல்லை என்று ஆனால், அவள் முதலில் என்னை நினைத்துத்தான் பயப்படுவாள். தாயில்லாப் பெண், அவளுக்கு வேறு யார்? மாமியார் என்ன சொல்வாளோ என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவாள். அவளிடம் இதைப் படித்துக் காட்டு: எனக்குப் பேரப்பிள்ளை வேண்டாம் மல்லிகா, நீ வேண்டும். இந்த ஊரில் எவளாவது உன்னை ஒரு சொல் சொன்னால் அவள் வீட்டு வாசலில் நின்று நான் பேசிக்கொள்கிறேன். நான் வாசலில் நின்று பேசினால் எப்படி இருக்கும் என்று உன் புருஷனைக் கேள், அவன் சொல்வான்.

மிச்சம் இருப்பது உன் அப்பா. அவர் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் அறை வாசலில் சட்டியோடு நிற்பார். உங்கள் டாக்டரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். கொடுக்க விடாதே. காலில் விழுந்தாவது தடு. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வை, 'என் அப்பா கேட்பார், தயவுசெய்து கொடுக்காதீர்கள்' என்று. கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை, கொடுத்தால் வேலை போய்விடும் என்று அவரையே சொல்லச் சொல். கவர்மெண்டு என்றால் உன் அப்பா கொஞ்சம் அடங்குவார். முடிந்தவரை பாப்பாவின் பேச்சைக் காப்பாற்று. வேறு எதையாவது, பஞ்சையோ ஆட்டு ஈரலையோ, சட்டியில் போட்டுக் கொடுத்து அவரைத் திருப்தியாக அனுப்பிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வேண்டாம். அதையும் அவர் கொண்டுவந்து புதைப்பார், அதற்கும் விளக்கு வைப்பார். ஒரு பொய்க்கு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதும்.

அவர் எதற்கும் மசியவில்லை என்றால், 'என் மருமகளோடது, கொடுடா' என்று பிடிவாதம் பிடித்தால், அப்போது இதைச் சத்தமாகவே படித்துக் காட்டிவிடு. பாப்பாவிடம் நான் கொடுத்த வாக்கு பெரிதுதான். ஆனால் பாப்பா போய்விட்டாள், மல்லிகா இருக்கிறாள். நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், உயிரோடு இருக்கிறவள் பக்கம்தான் நிற்கமுடிகிறது. அவர் உடைந்துபோவார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள், அழட்டும். அவருக்கு ஒன்று மட்டும் சொல்: அன்றைக்குக் கேட்டது அவர் ஒருவர் வாய் இல்லை, பக்கத்தில் நின்று சிரித்தவள் நான். பிறகு அவரைத் தனியாக பஸ் ஏற்றாதே, யாரையாவது துணைக்கு அனுப்பு. மலை ஏறுகிற வழியெல்லாம் குழிதான் கண்ணில் படும்.

இதை அவருக்குப் படித்துக் காட்டாமலே முடிந்துவிட்டால், காலிச் சட்டியோடு அவர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன், மல்லிகாவின் கட்டி போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று. அன்றைக்கு இரவு அந்தச் சட்டியில் அவருக்குக் களி கிண்டிப் போடுகிறேன்.

பிள்ளைகள் எழுந்துவிட்டன, ஒன்று அழுகிறது. முடிக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்து தெரியாதவர், ஆனால் பெற்ற பிள்ளை முகத்தைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. அதனால் உடனே நிமிராதே. கண்ணைத் துடைத்துக்கொள். பிறகு முதலில் அவர் மடியிலிருந்து அந்தச் சட்டியை வாங்கிக் கீழே வை. அதற்கப்புறம், "அம்மா இன்னாடா எழுதிக்கிறா?" என்பதற்குப் பதில் சொல்.

உன் அம்மா